வாசித்துக் காட்டக் கூடாத பதில்

1.

இது கதையாக வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒரு வணிக இதழின் ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு பொருளாதாரத்தின் போக்கைப் பற்றி என்ன சொல்கிறது?’ இரண்டாயிரம் வார்த்தைகள், ஒரு வரைபடம், முடிவில் வாசகருக்குக் கொஞ்சம் தெம்பு. தெம்பு என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். வரைபடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற தொனி அதில் இருந்தது.

வரைபடம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தேன். அடுத்த நாள் பல் மருத்துவரின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. பெண் குரல். குடும்பங்களின் பொருளாதார எதிர்பார்ப்பு பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா என்றது. நான் எழுதிக்கொண்டிருந்த அதே குறியீட்டுக்கான கணக்கெடுப்பு! பல்வலியிலும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் சும்மா இருக்காமல் நானும் ஒன்று கேட்டேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க? அடுத்த வருஷம் எப்படி இருக்கும்?"

குரல் சொன்னது: "அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2.

முதல் தொடக்கம்: "அன்று வானம் மூட்டமாக இருந்தது. பொருளாதாரமும்—"

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "உலகின் பல நாடுகளில் குறிப்பிட்ட இடைவெளியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம்—"

இது கட்டுரையின் ஆவி. செத்த பிறகும் வீட்டைச் சுற்றி வருகிறது.

மூன்றாம் தொடக்கம்: "அவள் காதுக்குள் எப்போதும் யாராவது கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3.

அவள் காதுக்குள் எப்போதும் யாராவது கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவள் உத்தியோகம். அவளை நான் கேள்விக்காரி என்று அழைக்கப்போகிறேன். ஜன்னல் இல்லாத நீளமான அறை, துணி ஒட்டிய தடுப்புகள், தடுப்புக்கு ஒருத்தியாக வரிசையாகப் பெண்கள், தலையில் ஹெட்போன், முன்னால் திரை. ஏசிக் காற்று நேராகப் பிடரியில் இறங்குவதால் எல்லோரும் சால்வை போர்த்தியிருப்பார்கள். எண்ணைக் கம்ப்யூட்டரே போடும். யாருடைய எண் என்பது திரையில் தெரியாது.

விதிகள் கொஞ்சம்தான். கேள்வியை எழுத்துப் பிசகாமல் வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது. ‘ஐயோ’, ‘அடடா’, ‘நல்லதுங்க’ எதுவும் கூடாது. பெரும்பாலான கேள்விகளுக்குத் திரையில் நான்கு பதில்கள் உண்டு: மேம்படும், அப்படியே இருக்கும், மோசமாகும், தெரியாது. முதல் மூன்றை மட்டுமே வாசித்துக் காட்டலாம். பாதிப் பேருக்கு நல்லதிலிருந்து தொடங்க வேண்டும், பாதிப் பேருக்குக் கெட்டதிலிருந்து. நான்காவதை வாசிக்கவே கூடாது. எதிராளி தானாகத் தெரியாது என்று சொன்னால் மட்டும் அழுத்திக்கொள்ளலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தால் எல்லோரும் அதில் புகுந்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு.

[அடிக்குறிப்பு. அடியில் இடமில்லாததால் இங்கேயே: மேம்படும் என்றவர்களின் சதவீதத்திலிருந்து மோசமாகும் என்றவர்களின் சதவீதத்தைக் கழித்து, நூறைக் கூட்டினால் கிடைப்பது இந்த வகைக் குறியீடு. நூறுக்கு மேல் போனால் தைரியசாலிகள் அதிகம், கீழே வந்தால் பயந்தவர்கள் அதிகம். ‘அப்படியே இருக்கும்’ என்பவர் கூட்டலிலும் சேர மாட்டார், கழித்தலிலும் சேர மாட்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர் மாதிரி.]

கேள்விக்காரியிடம் ஒரு குறை இருந்தது. ‘மேம்படுமா’ என்ற சொல் வரும்போது அவளை அறியாமல் குரல் கொஞ்சம் ஏறிவிடும். விளைவு, அவளிடம் பேசியவர்கள் மட்டும் மற்றவர்களிடம் பேசியவர்களை விட மூன்று புள்ளி அதிகமாக நம்பிக்கையோடு இருந்தார்கள். கண்காணிப்பாளர் இதைக் கண்டுபிடித்து அவளைக் கூப்பிட்டுப் பேசினார். எதையும் கழித்தே பார்ப்பதால் அவருக்கு அந்த அறையில் மைனஸ் என்று பெயர்.

"உன் குரல்ல ஆறுதல் இருக்கும்மா. அது தப்பு."

"பழக்கத்துல வந்துடுது சார்."

"நாடு மொத்தமும் உன்கிட்ட மட்டும் பேசுனா, நாளைக்கே வளர்ச்சி வந்துடுச்சுன்னு எழுதிடுவாங்க. கல்லு மாதிரி படி."

அன்றிலிருந்து அவள் கல் மாதிரி படித்தாள்.

4.

கேள்விக்காரியின் கணவர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில், சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருக்கிறார். பெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி இவை உட்கார்ந்து வருகிற பெரிய பெட்டிகள் அங்கே தயாராகின்றன.

(கட்டுரையாக எழுதியிருந்தால் இந்த இடத்தில் வரைபடம் வரும். வாயால் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் அடுத்த வருடத்தை நினைத்துப் பயந்தால் முதலில் சோற்றை நிறுத்துவதில்லை, ஃப்ரிட்ஜைத் தள்ளிப்போடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் தள்ளிப்போனால் பெட்டி தள்ளிப்போகும். பெட்டி தள்ளிப்போனால் பெட்டிக்காரர் பயப்படுவார். அவரைக் கேட்டால் மோசமாகும் என்பார். குறியீடு இறங்கும். அதைப் பேப்பரில் படித்து மேலும் நான்கு பேர் ஃப்ரிட்ஜைத் தள்ளிப்போடுவார்கள். ஆக, எனக்குப் புரிந்தவரை இந்தக் குறியீடு எதிர்காலத்தை ஜோசியமாகச் சொல்வதில்லை. ஜனங்கள் எதையெல்லாம் தள்ளிப்போடப் போகிறார்கள் என்று சொல்கிறது. அப்படித் தள்ளிப்போட்டதே பல சமயம் எதிர்காலமாகிவிடுகிறது. இதழாசிரியர் அவர்களே, நீங்கள் கேட்ட கட்டுரை இவ்வளவுதான். மீதி கதை.)

ஒருத்தி ஃப்ரிட்ஜ் வாங்க இது நல்ல நேரமா என்று ஊரெல்லாம் கேட்கிறாள். ஒருவர் ஃப்ரிட்ஜுக்குப் பெட்டி அனுப்புகிறார். இவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு மூடாது. ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர் முடிச்சவிழ்த்து எடுத்து, முடிச்சுப் போட்டுவிட்டு வர வேண்டும்.

ஆனால் விஷயம் ஃப்ரிட்ஜ் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை வேண்டாம் என்று இருவரும் சொன்னதில்லை. வாடகை வீடு மாறட்டும், அவர் வேலை நிரந்தரமாகட்டும், அவள் பகல் ஷிஃப்டுக்கு வரட்டும் என்று ஒவ்வொன்றுக்காகத் தள்ளிப்போட்டார்கள். எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தும் முடிந்தது. போன மாதம் டாக்டரம்மா கேள்விக்காரியிடம், "இதுக்கு மேல தள்ளிப்போடாதீங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அவள் கணவரிடம் பேச்சை எடுத்தாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாமே" என்றார் அவர்.

ஒன்பது வருடமாக அவர் சொல்கிற பதில். அவள் தொழில்முறையில் யோசித்துப் பார்த்தாள். இது மேம்படும் இல்லை, மோசமாகும் இல்லை, அப்படியே இருக்கும்கூட இல்லை. இந்தப் பதிலுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? அடுத்த வருடம் என்ற ஒன்றை இந்த மனிதர் உண்மையிலேயே நம்புகிறாரா, இல்லை வாயை அடைக்கச் சொல்கிறாரா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். அழவில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

5.

இதுவரை எழுதியதை என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அக்கா வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். யாரையும் எளிதில் நம்பமாட்டாள்.

"அடுத்து என்ன, அவ புருஷனுக்கே போன் போகப்போகுது, அதானே?"

"எப்படிக்கா தெரியும்?"

"வேற என்ன வழி வச்சிருக்க? சரி, அந்த மாதிரி ஆபீஸ்ல வீட்டு ஆளுங்க நம்பரை முதல்லயே வாங்கி ஒதுக்கி வைப்பாங்களே?"

வைப்பார்கள். வேலையில் சேரும்போதே குடும்பத்தார் எண்களைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பெட்டிக்காரருக்குப் போன மாதம் கம்பெனி புது எண் கொடுத்தது. லாரிக்காரர்களோடு பேச. அந்த எண்ணையும் ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பாதி நாட்டின் குரல்கள் காதுக்குள் வந்துபோகிறவளுக்கு வீட்டு எண் மறந்துபோயிற்று.

"கொஞ்சம் இழுக்குது" என்றாள் அக்கா. "ஆனா கடன் தரலாம்."

6.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி அழைப்பு. மைனஸ் வரிசைக்குப் பின்னால் கைகட்டி நடந்துகொண்டிருந்தார். அவள் கல் மாதிரி தொடங்கினாள்.

"வணக்கம். குடும்பங்களின் பொருளாதார எதிர்பார்ப்புகள் குறித்துக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும். சில கேள்விகள் கேட்கலாமா?"

"கேளுங்க மேடம். லாரி வர இன்னும் நேரம் இருக்கு."

பின்னணியில் பெட்டி ஒட்டும் டேப்பை இழுக்கும் சத்தம். அவளுக்கு ‘கேளுங்க’ என்ற சொல்லே போதுமாக இருந்தது. தெரிந்தவர் வந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும் என்பது விதி. கை மேஜையிலேயே கிடந்தது.

"ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததை விட உங்கள் குடும்பத்தின் பொருளாதார நிலை இப்போது மோசமாகியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, மேம்பட்டிருக்கிறதா?"

"அப்படியேதான் ஓடுது."

"வரும் பன்னிரண்டு மாதங்களில் வேலைவாய்ப்பு நிலை மோசமாகுமா, அப்படியே இருக்குமா, மேம்படுமா?"

"மோசமாகும். எங்க கம்பெனியிலயே ஆறு பேர நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு. அதுல நானும் இருக்கலாம். வீட்ல இன்னும் சொல்லல."

ஐயோ என்று சொல்லக்கூடாது. அவள் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ‘மோசமாகும்’ கட்டத்தை அழுத்தினாள்.

"நாட்டின் பொருளாதாரம்?" என்று கேட்டாள். முழுக் கேள்வியையும் வாசித்திருக்க வேண்டும். அன்றைய முதல் பிசகு அது.

"அதுவும் மோசமாகும் மேடம்."

"இன்றிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் கழித்து உங்கள் குடும்பத்தின் நிலை மோசமாகுமா, அப்படியே இருக்குமா, மேம்படுமா?"

டேப் சத்தம் நின்றது.

"மேம்படும்."

நன்றாகவே கேட்டது. ஆனாலும், "மன்னிக்கவும், கேட்கவில்லை" என்று அவள் முழுக் கேள்வியையும் மறுபடி வாசித்தாள்.

"மேம்படும்னு சொன்னேன் மேடம்."

"ஃப்ரிட்ஜ் போன்ற பெரிய பொருள்களை வாங்க இது நல்ல நேரமா, கெட்ட நேரமா?"

"கெட்ட நேரம்தான். எங்க வீட்ல கயித்தக் கட்டி ஓட்டிட்டிருக்கோம்."

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர்?"

"இப்போதைக்கு யாரும் இல்ல."

அந்தக் கட்டத்தில் எண்ணை மட்டும்தான் போட முடியும். ‘இப்போதைக்கு’ என்பதற்கு அங்கே இடம் இல்லை. அவள் பூஜ்யத்தை அழுத்திவிட்டு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"மேடம், இத்தனை பேர்கிட்ட கேக்கறீங்களே. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க" என்றாள் கேள்விக்காரி. குரல் கல்லாகத்தான் இருந்தது. கண்ணைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் அது நிறைந்து வழிந்தது.

7.

இப்போது என் சிக்கல். அவர் ஏன் மேம்படும் என்றார்?

ஒன்று, உண்மையிலேயே நம்புகிறார். நாடு நாசமாகப் போகும், என் வீடு மட்டும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பது மனிதர்களுக்குப் புதிதல்ல. பல் மருத்துவரின் வரவேற்பறையில் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். வேலை போகலாம் என்று தெரிந்தே ஒருவர் மேம்படும் என்றால், அவர் மனதில் சம்பளத்தைத் தவிர வேறு ஏதோ இருக்க வேண்டும்.

இரண்டு, அவளுடைய குரல். கல்லாக இருந்தாலும் அதன் அடியில் அந்த மூன்று புள்ளி ஏற்றம் ஒளிந்திருந்திருக்கலாம்.

மூன்று, அவள் என்று தெரிந்தே சொன்னார். நேரில் சொல்ல வாய் வராததை மேடத்திடம் சொல்லிவிட்டார், ஆறு பேர் விஷயம் உட்பட.

எது சரி என்று தெரியாமல் ஒரு வாரம் கதையை மூடி வைத்தேன். "நீதானே எழுதற, நீயே முடிவு பண்ண வேண்டியதுதானே" என்றாள் அக்கா. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு மனிதர் சொன்ன பதில் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. குறியீட்டை வெளியிடுகிறவர்களிடமும் அவ்வளவுதான் இருக்கிறது.

8.

திரையில் இரண்டு பொத்தான்கள்: சேமி, ரத்து செய்.

கேள்விக்காரி இப்போதுதான் கையைத் தூக்கினாள். மைனஸ் வந்தார்.

"சார், தெரிஞ்சவங்க லைன்ல வந்துட்டாங்க."

"எந்தக் கேள்வியில தெரிஞ்சுது?"

"முதல் கேள்விக்கு முன்னாடியே."

"இப்ப எந்தக் கேள்வி?"

"எல்லாம் முடிஞ்சுது சார்."

மைனஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கழிப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை போல.

"நியாயமா ரத்து பண்ணணும். நீயா சேமிச்சுட்டா எனக்குத் தெரியப்போறதில்ல. ஆனா சேமிச்சுட்டா அது ரகசியம். அவங்ககிட்டயே கூட அதப் பத்தி நீ ஜென்மத்துக்கும் பேசக்கூடாது."

"ரத்து பண்ணினா?"

"அப்படி ஒரு பேட்டியே நடக்கல. யாரும் எதுவும் சொல்லல."

"அப்ப வீட்ல போய்க் கேக்கலாமா?"

"நடக்காத பேட்டியப் பத்தி ரூல் எதுவும் இல்லம்மா. உனக்கு மெமோ மட்டும் வரும்." இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போய், அங்கே யாரையோ கல் மாதிரி படிக்கச் சொன்னார்.

காலையிலிருந்து அவள் அழுத்தியதெல்லாம் மோசமாகும், மோசமாகும். இந்த ஒரு ‘மேம்படும்’ மட்டும் பளிச்சென்று இருந்தது. சேமித்தால் அது ஆயிரக்கணக்கான பதில்களோடு கலந்து நாட்டின் குறியீட்டில் தூசி அளவு ஏறும். நிச்சயமாக அது நாட்டுக்குப் போய்ச் சேரும். ரத்து செய்தால் நாட்டுக்கும் இல்லை, அவளுக்கும் கையில் எதுவும் இல்லை. மறுபடி கேட்க வேண்டும். மறுபடி கேட்டால் பழைய பதிலே வரலாம்.

நான் சேமிக்க வைத்திருப்பேன். அந்த வாக்கியத்தைக்கூட எழுதினேன்: "அவள் விரல் மெல்லச் சேமி என்ற—"

ரத்து செய்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய பதிலை நாட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அவளுக்கு மனமில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. இப்போது அவள் செய்ததுதான் சரி என்று படுகிறது.

9.

மாலை. இரண்டு அறை வீடு. பெட்டிக்காரர் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"இன்னிக்கு ஒரு கால் வந்துச்சு" என்றார். "சர்வேயாம். உன் ஆபீஸா இருக்கும்."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "யார் பேசினாங்க?"

"யாரோ ஒரு மேடம். குரல் கல்லு மாதிரி இருந்துச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஜோக் சொன்னாலும் துக்கம் சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கிற முகம் அது. ஒன்பது வருடமாகப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. எழுதுகிற எனக்கு எப்படிப் பிடிபடும்?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் ரகசியம்னு அந்த மேடமே சொன்னாங்களே" என்றார் அவர், முடிச்சைப் போட்டுக்கொண்டே.

அவள் அடுப்பை அணைத்தாள். அவருக்கு எதிரில் வந்து நின்றாள். வாசிக்க எதிரில் திரை இல்லை. எழுத்துப் பிசகலாம். பின்னால் யாரும் கைகட்டி நடக்கவில்லை.

"இங்க பாருங்க. உங்க வேலை இருக்கட்டும் போகட்டும், அது எனக்கு பயமில்ல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்றீங்களே, அந்த அடுத்த வருஷம் நமக்கு நல்லா இருக்கும்னு நிஜமாவே நினைக்கிறீங்களா? நினைச்சா இப்பவே சொல்லுங்க. எனக்குக் குழந்தை வேணும்."

‘நல்லா இருக்கும்னு’ என்ற இடத்தில் அவள் குரல் ஏறியது. மூன்று புள்ளியல்ல, முப்பது இருக்கும்.

வேலை இருக்கட்டும் போகட்டும் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. கயிறு நழுவிற்று. ஃப்ரிட்ஜ் கதவு தானாகத் திறந்து, உள்ளே இருந்த வெளிச்சம் இருவர் காலிலும் விழுந்தது.

அவர் வாயைத் திறந்து,

10.

இங்கே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் புது ஃப்ரிட்ஜ் வருகிறது, அவருடைய கம்பெனிப் பெட்டியிலேயே. பெட்டியைப் பிரித்தால் தொட்டிலாகிறது. இதழாசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருந்ததால் கிழித்தேன்.

இன்னொன்றில் ஆறு பேரில் ஒருவராக அவர் வெளியே வந்து, கேள்விக்காரிக்கு அடுத்த தடுப்பில் ஹெட்போனோடு உட்காருகிறார். சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மூன்றாவதில் அவர், "அடுத்த வருஷம்..." என்று தொடங்குகிறார். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கெடுப்பாக இருந்தால் மறுபடி அழைத்து விசாரிக்கலாம். ஆனால் பேட்டி ரத்தாகிவிட்டது, புது எண்ணும் ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டது. அந்த வீட்டுக்கு இனி யாரும் அழைக்கப்போவதில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். என்னால் முடிந்தவரை கல் மாதிரி கேட்கிறேன்.

இன்றிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் கழித்து அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? மூன்று பேரா, இரண்டு பேரா, ஒருவரா?

உங்களில் பாதிப் பேருக்கு இதை ஒருவரிலிருந்து தொடங்கி வாசித்திருக்க வேண்டும். மன்னிக்கவும், ‘மூன்று’ என்ற இடத்தில் குரல் ஏறியிருந்தால் அதற்கும்.

திரையில் நான்காவதாக ஒரு பதில் இருக்கிறது. என்னுடையதும் அதுதான். ஆனால் அதை வாசித்துக் காட்ட எனக்கு அனுமதி இல்லைங்க.